பிரெஞ்சுக் குடியுரிமை, ஜெர்மனியில் வேலை, கணவர் இந்தியர்: ஐரோப்பிய ஒன்றியக் குடும்ப வதிவிட அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

எழில்வாணி:

வணக்கம். என்னுடையது பிரெஞ்சு பாஸ்போர்ட். வேலை ஜெர்மனியில், வாரம் 25 மணி நேரம், காலவரம்பில்லாத ஒப்பந்தம். கணவர் இந்தியக் குடிமகன், இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறார். திருமணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று முத்திரை) வாங்கி வைத்திருக்கிறோம்.

விசா விண்ணப்ப மையத்தில் குடும்ப இணைப்பு விசாவுக்கான பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் மொழித் தேர்வு, என் சம்பளச் சீட்டு, வீட்டின் சதுர மீட்டர் கணக்கு என்று அது நீள்கிறது. இந்தப் பட்டியல் எங்களுக்குப் பொருந்துமா? ஜெர்மனிக்கு வந்த பிறகு அட்டைக்கு என்னென்ன கொடுக்க வேண்டும்? அது கைக்கு வரும்வரை அவர் வேலைக்குப் போகலாமா? பகுதிநேர வேலை என்பதால் என் சம்பளம் அதிகமில்லை. அதை வைத்து மறுப்பார்களா?

கோப்புக்கட்டு:

அந்தப் பட்டியல் உங்களுக்கானதே இல்லை. அது ஜெர்மானியர்களின், ஜெர்மனியில் வாழும் பிற வெளிநாட்டினரின் வாழ்க்கைத்துணைக்கான தேசியச் சட்ட வழி. உங்களுக்குப் பொருந்துவது 2004/38 என்ற ஐரோப்பிய உத்தரவும் (ஒன்றியக் குடிமக்களும் குடும்பத்தினரும் உறுப்பு நாடுகளில் நடமாடி வாழும் உரிமை பற்றியது; கீழே வரும் விதி எண்கள் இதனுடையவை), ஜெர்மனியில் அதை நடைமுறைப்படுத்தும் சுதந்திர நடமாட்டச் சட்டமும். ஒன்றியக் குடிமகள் தன் சொந்த நாடல்லாத இன்னோர் உறுப்பு நாட்டில் வேலை செய்கிறாள், கணவர் அவளோடு சேர வருகிறார்: விதி 3 கேட்பது இவ்வளவுதான். ஏ1 கிடையாது, வீட்டுப் பரப்பளவு கிடையாது, குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. (இதே தம்பதி பிரான்ஸில் இருந்தால் நிலைமை தலைகீழ். சொந்த நாட்டில் இருப்பவருக்கு இந்த உத்தரவு பொருந்தாது.)

இதில் முதலில் மனதில் பதிய வேண்டியது, உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, அட்டையிலிருந்து அல்ல என்பது. ஏற்கெனவே இருக்கும் உரிமைக்கு அட்டை ஒரு சான்று, அவ்வளவுதான். எந்த அலுவலகத்தில் பேசினாலும் "எனக்கு அனுமதி தாருங்கள்" என்று கேட்காமல், "என் உரிமைக்கான சான்றை வழங்குங்கள்" என்ற தொனியில் எழுதுங்கள். பாதி சிக்கல் அதிலேயே தீரும்.

விசா: விதி 5(2) படி விசா இலவசம், விரைவு நடைமுறையில் தரப்பட வேண்டும். நடைமுறையில் ஷெங்கன் குறுகிய கால விசா (சி வகை) விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப வேண்டியிருக்கும். அந்தப் படிவத்தைக் கவனமாகப் பாருங்கள். 17, 18ஆம் கட்டங்கள் ஒன்றியக் குடிமகனான குடும்ப உறுப்பினரின் விவரமும் உறவுமுறையும். இவற்றைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். நட்சத்திரக் குறி போட்ட 21, 22, 30, 31, 32 ஆகியவை தொழில், முதலாளி, அழைப்பவர், செலவை ஏற்பவர் பற்றியவை. உங்களைப் போன்றவர்கள் அவற்றை நிரப்பத் தேவையில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கும். பலர் பதற்றத்தில் 17ஐ வெறுமையாக விட்டுவிட்டு 32ஐ நிரப்புகிறார்கள். அப்போது கோப்பு சாதாரணச் சுற்றுலா விண்ணப்பமாகிவிடுகிறது. கட்டணமும் கேட்கிறார்கள், வங்கி இருப்பும் கேட்கிறார்கள்.

விசாவுக்கு இணைக்க வேண்டியவை: அவருடைய பாஸ்போர்ட், உங்கள் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்று, நீங்கள் ஜெர்மனியில் இருப்பதற்கான முகவரிப் பதிவுச் சான்று, வேலை ஒப்பந்த நகல். மேலே ஒரு பக்கக் கடிதம்: "ஜெர்மனியில் வேலை செய்யும் பிரெஞ்சுக் குடிமகளான மனைவியோடு சேரச் செல்கிறேன், 2004/38 உத்தரவு விதி 5(2) படி விண்ணப்பிக்கிறேன்." ஓட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், பயண மருத்துவக் காப்பீடு எதுவும் வேண்டாம். கைரேகை மட்டும் கொடுக்கத்தான் வேண்டும்.

விசா மையம் சேவைக் கட்டணம் கேட்டால், ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினரைக் கட்டணம் வாங்கும் இடைநிலை மையம் வழியாகத்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. தூதரகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள். 15 நாளுக்கு மேல் ஆனால் அது விதிவிலக்காக, காரணத்தோடு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் விசாக் கையேட்டில் உள்ள நிலை.

சம்பளம்: நீங்கள் "தொழிலாளி" என்ற பிரிவில் வருகிறீர்கள். போதிய வருமானம், முழு மருத்துவக் காப்பீடு என்ற நிபந்தனைகள் வேலை செய்யாதவர்களுக்கும் மாணவர்களுக்கும்தான். வேலை உண்மையானதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் போதும் என்று 1982இல் லெவின் வழக்கிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1986இல் கெம்ஃப் வழக்கில் வாரம் 12 மணி நேரம் பாடம் நடத்திய ஆசிரியர், அரசு உதவித்தொகையும் வாங்கிக்கொண்டே, தொழிலாளியாக ஏற்கப்பட்டார். 2010இல் ஜெங்க் வழக்கு வாரம் 5.5 மணி நேர வேலை பற்றியது. மணிக்கணக்கு குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் 25 மணி நேரத்தில் எந்தக் கேள்வியும் எழாது. கேட்டால் சம்பளச் சீட்டைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அது வேலை நடக்கிறது என்பதற்கான சான்று. தொகையை அளப்பதற்கான சான்று அல்ல.

தாள்மேல்தாள்:

கோப்புக்கட்டு சொன்னதெல்லாம் சரி. நான் ஒரே விஷயத்தில் நிற்கிறேன், ஏனென்றால் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது: திருமணச் சான்று.

இந்திய அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி மறுப்புத் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் வேலை செய்வதில்லை. ஜெர்மானியத் தூதரகங்கள் இந்திய ஆவணங்களைச் சான்றுறுதி செய்வதையும் நிறுத்திவைத்திருக்கின்றன. அதற்குப் பதிலாக, ஜெர்மனியில் உள்ள ஓர் அலுவலகம் கேட்டால் ஆவணத்தைச் சரிபார்க்கும் நடைமுறை ஒன்று உண்டு. பதிவாளர் அலுவலகத்துக்கு ஆளனுப்பி விசாரித்து அறிக்கை வாங்குவார்கள். அதற்குச் செலவும் ஆகும், மாதங்களும் ஓடும்.

நீங்கள் பிரெஞ்சுக் குடிமகள் என்பதால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் நடந்த திருமணத்தை பிரெஞ்சு துணைத்தூதரகம் மூலம் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள் (பிரெஞ்சில் டிரான்ஸ்கிரிப்சியோன்). பதிவானதும் நான்ட் நகரில் உள்ள மத்தியக் குடிமைப் பதிவு அலுவலகத்திலிருந்து திருமணப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். இப்போது உங்கள் கையில் இருப்பது ஓர் உறுப்பு நாட்டின் பொது ஆவணம். 2019 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் உள்ள 2016/1191 ஒழுங்குமுறைப்படி, ஓர் உறுப்பு நாட்டின் குடிமைப் பதிவு ஆவணத்துக்கு இன்னோர் உறுப்பு நாடு அப்போஸ்டிலோ சான்றுறுதியோ கேட்க முடியாது. பிரதி கேட்கும்போதே பன்மொழிப் படிவத்தையும் இணைத்துத் தரச் சொல்லுங்கள்; பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சமாகும்.

திருமணத்துக்கு முன்பே துணைத்தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்கியிருந்தால் இந்தப் பதிவு வேகமாக முடியும். வாங்காவிட்டாலும் பதிவு செய்யலாம், ஆனால் விசாரணை கூடுதலாக இருக்கும். இதற்காக விசா விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உறவை நிரூபிக்கும் ஆவணம் என்றுதான் உத்தரவு கேட்கிறது. பிரெஞ்சுப் பதிவு கட்டாயம் என்று எங்கும் இல்லை. இந்தியச் சான்றிதழோடு விசாவுக்குக் கொடுங்கள், பிரெஞ்சுப் பதிவை இணையாக ஓடவிடுங்கள்.

அடுத்து, பெயர். நம்மவர்கள் கோப்பில் இது தனி அத்தியாயம். திருமணச் சான்றிதழில் "ர. முருகவேல்" என்று தலைப்பெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரிந்து நிற்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல். பெயர் மரபு தெரியாத ஓர் அதிகாரி மூன்று தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவருக்கு மூன்று ஆட்கள் தெரிவார்கள். எனவே மூன்று எழுத்துக்கூட்டலையும் குறிப்பிட்டு, மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வாங்குங்கள். அதில் பாஸ்போர்ட் எண்ணும், ஆவணங்களில் பொதுவாக உள்ள பிறந்த தேதியும், தந்தை பெயரும் இருக்கட்டும். "தலைப்பெழுத்து என்பது தந்தை பெயரின் முதலெழுத்து" என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த ஒரு வரி பல கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும்.

மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் ஜெர்மனியில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லாதீர்கள். மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதவேண்டியது அவர் கடமை. பொருத்திக் காட்டும் வேலையை உறுதிமொழிப் பத்திரம் பார்த்துக்கொள்ளும்.

எழில்வாணி:

இருவருக்கும் நன்றி. அப்போஸ்டில் செல்லாது என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மேலும் இரண்டு சந்தேகம். கணவரின் அம்மாவும் எங்களோடு வர முடியுமா? அவருக்கு வேறு வருமானம் கிடையாது, நாங்கள்தான் பணம் அனுப்புகிறோம். இன்னொன்று, சி வகை விசாவின் தேதி முடிந்த பிறகும் அட்டை வராவிட்டால் கணவர் சட்டவிரோதமாக இருப்பவர் ஆகிவிடுவாரா?

கோப்புக்கட்டு:

ஆக மாட்டார். விசா உள்ளே நுழைவதற்கு, தங்குவது உத்தரவின்படி. 2002இல் எம்ராக்ஸ் வழக்கில், விசாக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வதிவிட ஆவணத்தை மறுக்கவோ வெளியேற்றவோ கூடாது என்று தீர்ப்பானது. 2008இல் மெட்டாக் தீர்ப்பு, குடும்ப உறுப்பினர் முன்பு வேறோர் உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது.

அதற்காக அசட்டையாக இருக்கக் கூடாது. வந்தவுடன் வரிசை இது: முதலில் முகவரிப் பதிவு (அன்மெல்டுங்). குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதித் தாள் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. அதன்பிறகு வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு (ஆஸ்லெண்டர்பெஹோர்டே) அட்டைக்கான விண்ணப்பம். விண்ணப்பிக்கும் கெடு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது விதி 9. கெடு தவறினால் அளவான அபராதம் விதிக்கலாம், உரிமையைப் பறிக்க முடியாது.

மின்னஞ்சலில் தலைப்பு வரியிலேயே "ஆஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே, சுதந்திர நடமாட்டச் சட்டம் பிரிவு 5" என்று ஜெர்மன் மொழியில் எழுதுங்கள்; முதல் சொல் (Aufenthaltskarte) நீங்கள் கேட்கும் வதிவிட அட்டையைக் குறிக்கும். "ஆஃபென்ட்ஹால்ட்ஸெர்லௌப்னிஸ்" என்று எழுதிவிட்டால் அது தேசியச் சட்ட வதிவிட அனுமதி. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் இரண்டு சொற்கள், இரண்டு வெவ்வேறு வாசல்கள். தடம் மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டணம் 100 யூரோ என்றால் தவறான வாசல். விதி 25 படி, உள்நாட்டவர் அதுபோன்ற ஆவணத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட அதிகம் வாங்கக் கூடாது; ஜெர்மன் அடையாள அட்டைக் கட்டணம்தான் அளவுகோல். ஒருங்கிணைப்பு வகுப்புக்குப் போக வேண்டும் என்று உத்தரவு கொடுத்தாலும் அதே அடையாளம்.

உங்களுக்கென்று ஒரு பதிவுச் சான்று (ஃப்ரைஸூகிக்கைட்ஸ்பெஷைனிகுங்) கேட்டால், ஜெர்மனி அதை 2013 ஜனவரியில் ஒழித்துவிட்டது. உங்கள் முகவரிப் பதிவும் வேலை ஒப்பந்தமும் போதும்.

விண்ணப்பம் கொடுத்தவுடன், விவரங்கள் கிடைத்தன என்ற சான்றை உடனே தர வேண்டும். இதுதான் இடைக்காலத்தில் உங்கள் ஆயுதம், இதை வாங்காமல் விடாதீர்கள். வேலை செய்யும் உரிமை விதி 23இல் இருக்கிறது, வந்த நாளிலிருந்தே உண்டு. அட்டை கையில் இருப்பதை எந்த உரிமைக்கும் முன்நிபந்தனை ஆக்கக் கூடாது என்கிறது விதி 25(1). ஆனால் வேலை தரும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இந்த விதி எண்கள் தெரியாது, அவர் ஒரு தாளைத்தான் பார்க்க விரும்புவார். அந்தச் சான்று, திருமணச் சான்று, உங்கள் பாஸ்போர்ட் நகல் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள்.

காப்பீடு: நீங்கள் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்து, அவருக்கு வருமானம் இல்லாவிட்டால், அவரைக் குடும்பக் காப்பீட்டில் கூடுதல் தொகை இல்லாமல் சேர்க்கலாம். வேலை கிடைத்ததும் தனியாக மாறும்.

தாள்மேல்தாள்:

மாமியார் பற்றி. உத்தரவின் விதி 2(2) ஒன்றியக் குடிமகளின் பெற்றோரை மட்டுமல்ல, வாழ்க்கைத்துணையின் பெற்றோரையும் சேர்க்கிறது. ஒரே நிபந்தனை, அவர் உங்களைச் சார்ந்து வாழ்பவராக இருக்க வேண்டும். (நீங்கள் மாணவியாக இருந்தால் பெற்றோருக்கு இந்த நேரடி உரிமை இல்லை. தொழிலாளி என்பதால் உண்டு.)

சார்ந்திருத்தல் என்றால் என்ன என்பதை 2007இல் ஜியா வழக்கு தெளிவாக்கியது. அடிப்படைத் தேவைகளுக்கு உங்கள் பணம் அவசியமாக இருக்க வேண்டும். அந்தத் தேவை அவர் கிளம்பும் நாட்டில், உங்களோடு சேர விண்ணப்பிக்கும் நேரத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வந்தபிறகு உங்கள் வீட்டில் சாப்பிடுகிறார் என்பது கணக்கில் வராது. "நான் பார்த்துக்கொள்வேன்" என்று நீங்கள் எழுதும் உறுதிக்கடிதத்தை மட்டும் வைத்து அலுவலகம் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே கோப்பில் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் உங்கள் பணம்: மாதாமாதம், வங்கி வழியாக, அவர் பெயருக்கே போன பரிமாற்றங்கள். யாரோ ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பியதை நிரூபிக்க முடியாது. கணவர் கணக்குக்குப் போய் அங்கிருந்து எடுத்துக் கொடுத்ததும் வலுவிழக்கும். இன்றைக்கே அவர் கணக்குக்கு நேராக அனுப்பத் தொடங்குங்கள். இன்னொரு பக்கம் அவருடைய நிலை: ஓய்வூதியம் இல்லை, வாடகை வருமானம் இல்லை, பாஸ்புக்கில் வரவு என்றால் உங்கள் பணம்தான். வாடகை ரசீது, மின் கட்டணம், மருந்துச் சீட்டு எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போகிறது என்று தேதிகள் பொருந்தட்டும். மறுப்பு வரும் கோப்புகளில் பெரும்பாலும் முதல் பக்கம் தடிமனாக இருக்கும், இரண்டாவது பக்கம் காலியாக இருக்கும். பணம் போனது தெரிகிறது, அது இல்லாமல் அவரால் வாழ முடியாது என்பது தெரிவதில்லை.

ஏன் சார்ந்திருக்கிறார், வேலை தேடினாரா என்று கேட்க வேண்டியதில்லை என்று 2014இல் ரேயெஸ் தீர்ப்பு சொன்னது. அது 21 வயது கடந்த பிள்ளை பற்றிய வழக்கு, ஆனால் சார்ந்திருத்தல் என்ற சொல் ஒன்றுதான்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஜெர்மன் குடும்பக் காப்பீடு கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான், பெற்றோருக்குக் கிடையாது. வயதானவருக்குத் தனியார் காப்பீடு விலை அதிகம், பழைய நோய்களை விலக்கியும் வைப்பார்கள். அவர் கிளம்பும் முன் இதற்கு வழி பார்த்துவிடுங்கள். கணவரையும் அவரையும் ஒரே கோப்பில் கட்டவும் வேண்டாம். கணவர் கோப்பு எளிது, அம்மாவின் கோப்பில் எழும் கேள்விகள் அதையும் இழுத்து நிறுத்தும்.

வடதிசை:

தாமதம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அட்டை வர வேண்டும். 2018இல் டியாலோ வழக்கில், முடிவெடுப்பது மட்டுமல்ல, அதை விண்ணப்பதாரருக்குத் தெரிவிப்பதும் இந்த ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பு, கெடு தாண்டியதாலேயே அட்டை தானாகக் கிடைத்துவிடாது என்றும் சொன்னது. ஆகவே கெடு முடிந்தது என்று சும்மா இருக்க முடியாது.

முதலில் பதிவுத் தபாலில் நினைவூட்டல் அனுப்புங்கள்: விண்ணப்பித்த தேதி, கொடுத்த ஆவணங்களின் பட்டியல், பதிலுக்கு இரண்டு வாரக் கெடு. அதற்கும் பதில் இல்லையென்றால் சால்விட். உறுப்பு நாடுகளின் அரசுகளே நடத்தும் இலவச ஏற்பாடு இது, ஆன்லைன் படிவம், பத்து வாரத்துக்குள் தீர்வு என்பது அவர்கள் இலக்கு. விசா மையம் தவறான பட்டியல் கொடுத்த விஷயத்துக்கும் இதே வழி உதவும். ஆனால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும்: நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்கை சால்விட் எடுக்காது, சால்விட்டில் கொடுத்ததால் மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. எழுத்தில் மறுப்பு வந்தால், அதன் அடியில் உள்ள மேல்முறையீட்டுக் குறிப்பில் பொதுவாக ஒரு மாதம் இருக்கும். அந்த ஒரு மாதத்தை சால்விட்டின் பதிலுக்காகக் காத்திருந்து வீணாக்கியவர்கள் உண்டு. பதிலே வராத நிலையில், மூன்று மாதம் கடந்த பிறகு நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மை வழக்கு போடலாம் என்று ஜெர்மன் நிர்வாக நீதிமன்றச் சட்டம் பிரிவு 75 இடம் தருகிறது. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மறுப்பு வாய்மொழியாக வந்தால் அது மறுப்பே அல்ல. கவுண்டரில் "முடியாது" என்றால், காரணத்தோடு எழுத்தில் தாருங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். விதி 30 அதைக் கட்டாயமாக்குகிறது.

எழில்வாணி:

மிகத் தெளிவு. பின்னாளில் பிரான்ஸுக்குத் திரும்பினால் இந்த அட்டை அங்கே பயன்படுமா?

வடதிசை:

அட்டையை வைத்து விசா இல்லாமல் பயணம் போகலாம். குடியேற அது போதாது, அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 1992 சுரிந்தர் சிங் தீர்ப்பும் 2014 ஓ மற்றும் பி தீர்ப்பும் உங்களுக்குத் துணை: வேறோர் உறுப்பு நாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே சேர்ந்து வாழ்ந்து, குடும்ப வாழ்க்கை அங்கே அமைந்திருந்தால், சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் ஐரோப்பிய விதியையே கோரலாம். ஆகவே இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம், சம்பளச் சீட்டு, முகவரிப் பதிவு எதையும் தூக்கி எறியாதீர்கள். அதே தாள்கள்தான் ஐந்தாண்டு முடிவில் நிரந்தர வதிவிட அட்டைக்கும் வேண்டும். ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுபடும். பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற முக்கியக் காரணத்துக்கு ஒரே ஒரு முறை 12 மாதம் வரை விலக்கு உண்டு.

கோப்புக்கட்டு:

கடைசியாக ஒன்று. அட்டையைக் கையில் வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் அதைப் படியுங்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி அதில் "ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10 டிஐஆர் 2004/38/ஈசி" என்ற குறியீடு இருக்க வேண்டும். வேறு உறுப்பு நாட்டு எல்லையிலும் விமான நிறுவனக் கவுண்டரிலும் தேடுவது அந்த வரியைத்தான். அது இல்லாமல் ஏதாவது தேசியச் சட்டப் பிரிவு எண் அச்சாகியிருந்தால் அங்கேயே சொல்லி எழுத்தில் திருத்தம் கேளுங்கள். செல்லுபடிக் காலம் ஐந்தாண்டா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.